பழைய வால்வு கிட்டார் ஆம்ப்ளிஃபையரின் உள் வயரிங்கை முழுவதும் மாற்ற வேண்டுமா?

முதலில் கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். காட்பாடியில் இருக்கும் ஓர் இளைஞரிடம், அவருடைய மாமா மெல்லிசைக் குழுவில் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் உள்ளூர் ரேடியோ மெக்கானிக் ஒருவரிடம் சொல்லிச் செய்துவாங்கிய வால்வு (டிரான்சிஸ்டருக்கு முந்தைய கண்ணாடிக் குழாய்) கிட்டார் ஆம்ப்ளிஃபையர் வந்து சேர்ந்திருக்கிறது. முன்பகுதியில் இரண்டு இ.சி.சி. 83 வால்வுகள், பவர் பகுதியில் இரண்டு இ.எல். 84, ரெக்டிஃபையராக (ஏ.சி.யை டி.சி.யாக மாற்ற) ஓர் இ.சட். 81, அலுமினிய சேசிஸ் (பாகங்களைத் தாங்கும் உலோகச் சட்டம்), டேக் ஸ்ட்ரிப்பில் (சால்டர் செய்வதற்கான உலோக நாக்குகள் வரிசையாக உள்ள பட்டையில்) செய்த வயரிங். பாடுகிறது, ஆனால் ஹம் (தொடர்ந்து கேட்கும் ரீங்காரம்) அதிகம், இடையிடையே கரகரப்பும் உண்டு. உள்ளே இருக்கும் வயர்களை எல்லாம் உருவி எறிந்துவிட்டு வெள்ளி முலாம் பூசிய டெஃப்லான் வயரால் புதிதாகக் கட்டினால் இரைச்சலும் போகும், நாதமும் தெளியும் என்று நண்பர் ஒருவர் சொல்கிறாராம். செய்யலாமா, எப்படிச் செய்வது, வயர் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருக்கிறார்.

முழுவதையும் உருவ வேண்டாம் என்பதே என் பதில். ஐம்பது ஆண்டு ஆனாலும் செம்புக் கம்பிக்கு ஒன்றும் ஆவதில்லை. கெட்டுப்போவது அதன் மேலிருக்கும் உறையும், அது போய்ச் சேரும் இணைப்பும்தான். எனவே உறை கெட்ட வயர்களையும், பாதுகாப்புக்காகக் கட்டாயம் மாற்ற வேண்டியவற்றையும் மாற்றுங்கள். மற்ற இடங்களில் இணைப்பை மட்டும் புதுப்பியுங்கள். ஒரு வால்வு ஆம்பில் எந்த வயர் எந்த வழியாகப் போகிறது, எதற்குப் பக்கத்தில் படுத்திருக்கிறது என்பதும் சர்க்யூட்டின் ஒரு பகுதியே. அமைதியாக இருந்த ஆம்பை ஒரே நாளில் முழுவதும் பிரித்துக் கட்டி, பிறகு அது ஏன் ஊளையிடுகிறது என்று தெரியாமல் மாதக்கணக்கில் தேடுபவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

வெள்ளி டெஃப்லான் வயரைப் பற்றிய நம்பிக்கையையும் முதலிலேயே தீர்த்துக்கொள்வோம். அந்த வயரில் வெள்ளி பூசுவது வெப்பத்துக்காகவே தவிர நாதத்துக்காக அல்ல; ஈயமுலாம் பூசிய செம்பு 150 டிகிரி வரைதான் தாங்கும், வெள்ளி பூசியது 200 டிகிரி வரை தாங்கும், டெஃப்லான் உறையின் தாங்குதிறனுக்கு அது பொருத்தம். கால் மீட்டர் வயரின் மின்தடை ஓமில் நூறில் ஒரு பங்கு அளவே. அது வால்வின் பிளேட்டில் (பெருக்கிய சிக்னல் வெளிவரும் முனையில்) இருக்கும் 100 கிலோ ஓம் ரெசிஸ்டரோடு தொடர்ந்து நிற்கும்போது வெள்ளியா செம்பா என்று எந்தக் காதாலும் பிரித்தறிய முடியாது. டெஃப்லானுக்கு உண்மையான நன்மை ஒன்று உண்டு, சால்டரிங் அயர்ன் பட்டால் உருகாது. உண்மையான குறை ஒன்றும் உண்டு: சேசிஸின் கூரான விளிம்பில் அழுத்தமாகப் படிந்திருந்தால், நாளடைவில் அது மெதுவாக ஒதுங்கி உள்ளிருக்கும் கம்பி வெளியே தெரியத் தொடங்கும். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கு அருகில் வசிப்பவர்கள் வேறொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே காற்றில் கலக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வெள்ளியைக் கறுக்கச் செய்யும். சால்டர் செய்யப்பட்ட வயர் முனைக்கு அதனால் பெரிய கேடில்லை. ஆனால் இன்புட் ஜாக்கின் நாக்கிலும் சுவிட்சுகளின் தொடுமுனையிலும் அந்தக் கறுப்பு படிந்தால் கரகரப்பு நிச்சயம்.

சேசிஸைத் திறப்பதற்கு முன்பே இரைச்சல் எந்த வகை என்று தெரிந்துகொள்ளலாம், அதற்குக் கிட்டாரே போதும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஆறாவது கம்பியில் மூன்றாவது கட்டத்தை அழுத்தினால் வரும் ஸ்வரம் 98 ஹெர்ட்ஸ். ஆம்பின் ஹம் அந்த ஸ்வரத்தோடு ஒட்டி ஒலித்தால் அது 100 ஹெர்ட்ஸ். ரெக்டிஃபையருக்குப் பின்னால் டி.சி.யைச் சீராக்கும் ஃபில்டர் கண்டென்சர்கள் வற்றியிருக்கலாம், அல்லது ஹெச்.டி. (வால்வுகளுக்குப் போகும் உயர் மின்னழுத்தம்) எர்த் போகும் பாதை தவறாக இருக்கலாம். அதற்கும் ஒரு ஸ்தாயி கீழே, காதில் விழுவதைவிட நெஞ்சில் உணரும்படி இருந்தால் அது 50 ஹெர்ட்ஸ். வால்வைச் சூடாக்கும் ஹீட்டரின் வயரிங், கிரிட்டுக்கு (வால்வில் சிக்னல் நுழையும் முனைக்கு) போகும் ஷீல்டு வயர் (மேலே கம்பி வலை போர்த்திய வயர்), எர்த் இணைப்பு ஆகியவற்றைச் சந்தேகப்பட வேண்டும். வால்யூமை முழுவதும் குறைத்தும் சத்தம் அப்படியே இருந்தால் கோளாறு வால்யூம் கன்ட்ரோலுக்குப் பின்னால் இருக்கிறது. வால்யூமைத் திருப்பும்போது மட்டும் கரகரத்தால், பெரும்பாலும் அதற்கு முன்னால் இரண்டு நிலைகளை இணைக்கும் கப்ளிங் கண்டென்சர் கசிந்து டி.சி.யை உள்ளே விடுகிறது. அதற்கும் வயருக்கும் சம்பந்தமில்லை. இடையிடையே பொரிவது போன்ற சத்தம் வந்தால் 100 கிலோ ஓம் கார்பன் பிளேட் ரெசிஸ்டரை மாற்றிப் பார்க்க வேண்டும்.

மின்வெட்டு நேரத்தில் இன்வெர்ட்டரில் வாசித்துவிட்டுத்தான் பலர் ஆம்ப் இரைகிறது என்று சொல்கிறார்கள். வீட்டு இன்வெர்ட்டர்களில் பல சதுர அலையைத்தான் தருகின்றன. அந்த அலையின் கூர்முனைகள் டிரான்ஸ்பார்மர் வழியாக உள்ளே நுழைந்து, நன்றாக இருக்கும் ஆம்பையும் ரம்பம் போல அரற்ற வைக்கும். சோதனையை லைன் மின்சாரத்தில்தான் செய்ய வேண்டும்.

இனி உயிர் சம்பந்தப்பட்ட விஷயம். இந்த ஆம்பில் ஹெச்.டி. மின்னழுத்தம் 300 வோல்ட் டி.சி. அளவில் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஃபில்டர் கண்டென்சர்களில் அது தங்கியிருக்கும். வால்வுகள் இல்லாத நிலையில் மணிக்கணக்கில்கூட நிற்கும். பத்து கிலோ ஓம், ஐந்து வாட் வயர்-வவுண்டு ரெசிஸ்டர் ஒன்றின் இரு முனையிலும் நன்கு உறையிட்ட முதலைக் கிளிப் வயர்களை இணைத்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிளிப்பை சேசிஸில் மாட்டிவிட்டு, மற்றதை ஒவ்வொரு ஃபில்டர் கண்டென்சரின் பாசிட்டிவ் முனையிலும் பத்து விநாடி வைத்திருங்கள். பிறகு மல்டிமீட்டரை 600 வோல்ட்டுக்குக் குறையாத டி.சி. அளவில் வைத்து அளந்து பாருங்கள். சில கண்டென்சர்கள் காலியான பிறகும் சிறிது நேரத்தில் கொஞ்சம் மின்னூட்டத்தை மீட்டுக்கொள்ளும் என்பதால், இடையில் டீ குடித்துவிட்டு வந்தால் மறுபடி அளந்துதான் கை வைக்க வேண்டும். ஸ்குரூடிரைவரால் குறுக்கே தட்டிப் பொறி பறக்க வைப்பது பழைய கடைகளில் பார்த்த பழக்கம். கண்டென்சருக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு. மின்சாரத்தோடு அளக்க வேண்டி வரும்போது நெகட்டிவ் முனையைக் கிளிப்பால் சேசிஸில் மாட்டிவிட்டு, ஒரு கையை மட்டும் பயன்படுத்துங்கள். இதுவரை 230 வோல்ட் வேலைகூடச் செய்து பழகாதவர், பழகிய ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாமல் இந்த வேலையைத் தொடக்கூடாது.

கட்டாயம் மாற்ற வேண்டியவற்றுள் முதலாவது மெயின்ஸ் வயர் (சுவர் சாக்கெட்டிலிருந்து வரும் வயர்). பழைய ஆம்புகளில் இரண்டு கோர் வயர்தான் இருக்கும். சிலவற்றில் ஹம்மைக் குறைப்பதற்காக ஒரு மெயின்ஸ் முனையிலிருந்து சேசிஸுக்கு ஒரு சிறிய கண்டென்சரையும் போட்டிருப்பார்கள். அது ஷார்ட் ஆனால் சேசிஸும், அதன் வழியே கிட்டார்க் கம்பிகளும் நேரடியாக மெயின்ஸில் நிற்கும். அந்தக் கண்டென்சரை எடுத்துவிடுங்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரையுள்ள 0.75 சதுர மி.மீ. மூன்று கோர் வயரைப் போடுங்கள். நுழையும் துளையில் ரப்பர் குரோமெட்டும், உள்ளே இழுத்தால் வராதபடி பிடிக்கும் கிளாம்ப்பும் வேண்டும். உள்ளே முடிச்சுப் போட்டு வைப்பதைக் கிளாம்ப்பாகக் கணக்கில் எடுக்க முடியாது. பச்சை-மஞ்சள் எர்த் வயருக்குத் தனி போல்ட், பல்வாஷர், நட். டிரான்ஸ்பார்மரைப் பிடித்திருக்கும் போல்ட்டிலேயே அதையும் சொருகக்கூடாது, அது அதிர்விலும் சூட்டிலும் தளரும். மூன்று வயர்களில் எர்த் வயரை மற்ற இரண்டையும்விட நீளமாக விடுங்கள். யாராவது காலில் இடறி வயர் பிய்ந்தாலும் கடைசியாக அறுவது எர்த்தாக இருக்க வேண்டும். ஃபேஸ் (மின்சாரம் வரும்) வயர் முதலில் ஃபியூஸ் ஹோல்டரின் பின்முனைக்குப் போய், பக்கவாட்டு முனையிலிருந்து சுவிட்சுக்கு வர வேண்டும். அப்போதுதான் ஃபியூஸைக் கழற்றும்போது விரல் மின்சாரத்தில் படாது.

இவ்வளவும் செய்துவிட்டு, வீட்டின் மூன்று பின் சாக்கெட்டில் எர்த் இருக்கிறதா என்று பார்க்காமல் விட்டால் பயனில்லை. வேலூர்க் கோட்டையைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் எர்த் துளை வெறும் துளையாக இருக்கும் வீடுகள் நிறைய உண்டு. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவிலும், நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே ஓரிரு வோல்ட்டும் காட்ட வேண்டும். மேடையில் ஹம் போகிறது என்பதற்காக எர்த் பின்னைக் கழற்றிவிடும் வழக்கம் நம் ஒலிபெருக்கிக்காரர்களிடம் இன்னும் இருக்கிறது. கையில் கிட்டாரும் உதட்டருகில் மைக்கும் இருக்கும் பாடகர்தான் அந்த எர்த்தாக மாறுவார்.

உங்கள் ஆம்பில் இரைச்சலுக்கு மிகப் பெரிய காரணமாக நான் எதிர்பார்ப்பது எர்த் இணைப்புகளைத்தான். இரும்பு சேசிஸில் எர்த்தை நேரடியாகச் சால்டர் செய்யலாம். ஃபெண்டர் ஆம்புகளில் அப்படித்தான் செய்திருப்பார்கள். அலுமினியத்தில் சாதாரண ஈயம் பிடிக்காது. அதனால் உள்ளூர் மெக்கானிக்குகள் வால்வு பேஸை (வால்வு சொருகும் சாக்கெட்டை) பிடிக்கும் ஸ்குரூவிலும், டேக் ஸ்ட்ரிப்பின் காலிலும், கிடைத்த இடத்தில் எல்லாம் ஒரு சால்டர் டேக்கை மாட்டி எர்த் எடுத்தார்கள். அலுமினியத்தின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஆக்ஸைடு படலம் எப்போதும் உண்டு. நம் ஊர்க் கத்திரி வெயிலில், வால்வுச் சூடும் சேர்ந்து, தினமும் விரிந்து சுருங்கி ஸ்குரூ தளர்ந்ததும் அந்தப் படலம் இடையில் நுழைகிறது. வெளியில் பார்த்தால் டேக் இறுக்கமாகத்தான் தெரியும்; மீட்டரில் அரை ஓம், ஒரு ஓம் என்று காட்டும்; தட்டினால் மாறும்.

அதைவிட நுட்பமான தவறு, ஹெச்.டி. எர்த் போகும் வழி. ரெக்டிஃபையர் மின்சாரம் சீராக ஓடுவதில்லை. ஒவ்வொரு அலையின் உச்சியிலும், முதல் ஃபில்டர் கண்டென்சரை நிரப்புவதற்காகக் குறுகிய துடிப்பாக, சராசரியைப் போலப் பல மடங்கு வலுவோடு பாய்கிறது. அந்தத் துடிப்பு ஓடும் வட்டம் டிரான்ஸ்பார்மர் ஹெச்.டி. சுற்றின் நடுமுனை, ரெக்டிஃபையர், முதல் கண்டென்சர் ஆகிய மூன்றுக்குள் அடங்கிவிட வேண்டும். நடுமுனையை டிரான்ஸ்பார்மர் பக்கத்து மூலையிலும், கண்டென்சரின் நெகட்டிவை இன்புட் ஜாக் பக்கத்து மூலையிலும் சேசிஸில் இறுக்கிவிட்டால், நூறு ஹெர்ட்ஸ் துடிப்பு அத்தனையும் சேசிஸின் குறுக்கே, இன்புட் ஜாக்கின் காலடி வழியாகப் போய்வரும். அதன் சத்தம் மென்மையான ஹம்மாக இருக்காது. விளிம்பு கூர்ந்த அரற்றலாக இருக்கும். புதிய கண்டென்சர் போட்டாலும் போகாது.

ஆகவே இந்தப் பகுதியை மட்டும் தயங்காமல் பிரித்துக் கட்டுங்கள். ஹெச்.டி. நடுமுனையையும் முதல் கண்டென்சரின் நெகட்டிவையும் நேரடியாக ஒரே டேக்கில் சேருங்கள், இ.எல். 84 வால்வுகளின் கேத்தோடு (எலக்ட்ரான்கள் புறப்படும் முனை) ரெசிஸ்டரும் அங்கேயே வரட்டும். அங்கிருந்து ஈயமுலாம் பூசிய தடித்த செம்புக் கம்பி ஒன்றை, சேசிஸில் படாமல், டேக் ஸ்ட்ரிப் ஓரமாக இன்புட் பக்கம் கொண்டுபோங்கள். ஃபேஸ் ஸ்ப்ளிட்டரின் (இரண்டு பவர் வால்வுகளுக்கும் சிக்னலை எதிரெதிராகப் பிரித்துத் தரும் நிலையின்) எர்த்தும் அதற்கு மின்சாரம் தரும் கண்டென்சரின் நெகட்டிவும் அந்தக் கம்பியில் அடுத்தடுத்துச் சேரட்டும். முதல் வால்வின் எர்த்தும் அதன் கண்டென்சரும் கடைசியில் சேரட்டும். ஒவ்வொரு நிலையின் கண்டென்சரும் அந்த நிலையோடுதான் எர்த் ஆக வேண்டும் என்பதே கணக்கு. கம்பியை இன்புட் ஜாக் அருகே ஒரே ஓர் இடத்தில் மட்டும் சேசிஸோடு இணையுங்கள். அந்த இடத்தில் அலுமினியத்தை உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, பல்வாஷர் போட்டு உடனே இறுக்குங்கள். மெயின்ஸ் எர்த் போல்ட் இதிலிருந்து தனியாகவே இருக்கட்டும்.

அடுத்தது ஹீட்டர் வயர். இங்கே மட்டும் வயரின் கனத்துக்கு அர்த்தம் உண்டு. இ.எல். 84 ஒன்றுக்கு 0.76 ஆம்பியர், இ.சி.சி. 83-க்கு 0.3, இ.சட். 81-க்கு 1 ஆம்பியர். எல்லாம் ஒரே 6.3 வோல்ட் சுற்றில் இருந்தால் மொத்தம் மூன்று ஆம்பியரைத் தாண்டும். கடைகளில் 14/38 (38 கேஜ் இழைகள் பதினான்கு) என்று கேட்டால் கிடைக்கும் சன்ன வயர் சிக்னலுக்கும் ஹெச்.டி.க்கும் போதும், ஹீட்டருக்கு 23/36 வேண்டும். இரண்டு வயர்களையும் இறுக்கமாக முறுக்கி, சேசிஸின் மூலையோடு ஒட்டிப் படுக்கவைத்து, வால்வு பேஸ் அருகே மட்டும் எழுப்பி இணையுங்கள். பின்களைக் கவனியுங்கள்: இ.சி.சி. 83-இல் நான்கையும் ஐந்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரு முனை, ஒன்பது மறுமுனை, இ.எல். 84-இல் நான்கும் ஐந்தும் ஹீட்டரின் இரண்டு முனைகள். இரண்டும் ஒன்பது பின் பேஸ்தான், பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும். முன்பகுதி வேலையை முடித்த கைப்பழக்கத்தில் இ.எல். 84 பேஸிலும் நான்கையும் ஐந்தையும் சேர்த்துவிட்டால் ஹீட்டர் சுற்று முழு ஷார்ட். டிரான்ஸ்பார்மரின் ஹீட்டர் சுற்றுக்கு நடுமுனை இல்லை என்றால், இரண்டு முனைகளிலிருந்தும் ஆளுக்கொரு 100 ஓம் ரெசிஸ்டர் போட்டு எர்த்தில் சேருங்கள். எர்த்துக்குப் பதிலாக இ.எல். 84 கேத்தோடில் சேர்த்தால் ஹீட்டர் முழுவதும் பத்துப் பன்னிரண்டு வோல்ட் உயர்ந்து நிற்கும், ஹம் இன்னும் சற்றுக் குறையும்.

கிரிட் வயர்களில் நீளம்தான் முக்கியம். வால்யூம் கன்ட்ரோலிலிருந்து அடுத்த கிரிட்டுக்குப் போகும் ஷீல்டு வயரை எடுத்துக்கொள்வோம். ஒரு மெக் ஓம் கன்ட்ரோலின் நடுவில் நிற்கும்போது அது 250 கிலோ ஓம் மின்தடை உள்ள ஒரு சிக்னல் மூலத்தைப் போல நடந்துகொள்ளும். இ.சி.சி. 83-இன் கிரிட்டில் வால்வின் பெருக்கத்தால் ஏற்கெனவே சுமார் 100 பிகோஃபாரட் கொள்ளளவு தெரியும்; இவை இரண்டும் சேர்ந்து 6,300 ஹெர்ட்ஸுக்கு மேல் குறைக்கத் தொடங்கும். மீட்டருக்கு 100 பிகோஃபாரட் உள்ள ஷீல்டு வயரை அழகுக்காக 60 சென்டிமீட்டர் சுற்றிக் கொண்டுபோனால் அந்த எல்லை 4,000 ஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும், கிட்டாரின் மினுமினுப்பு அங்கேதான் இருக்கிறது. வயர் மாற்றிய பிறகு நாதம் மாறிவிட்டது என்று சிலர் சொல்வதில் உண்மை இருக்கும்போது, காரணம் உலோகமாக இருப்பதில்லை, இப்படிப்பட்ட நீளமாகவே இருக்கும். ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, மறுமுனையை ஸ்லீவ் போட்டு மூடுங்கள். இன்புட்டின் 68 கிலோ ஓம் ரெசிஸ்டரை ஜாக்கில் தொங்கவிடாமல் பேஸின் கிரிட் பின்னிலேயே சால்டர் செய்யுங்கள்.

பிளேட் வயர் கிரிட் வயருக்கு இணையாக ஓடக்கூடாது. சந்திக்க வேண்டுமென்றால் செங்குத்தாகக் குறுக்கிட்டுப் போகட்டும். அவுட்புட் டிரான்ஸ்பார்மரின் பிளேட் வயர்களில் முழு ஒலியில் ஹெச்.டி.யைப் போல ஏறத்தாழ இரு மடங்கு மின்னழுத்தம் எழும் என்பதால், அங்கே 600 வோல்ட்டுக்குக் குறைந்த உறை ஆகாது. அவற்றின் இடவலத்தை மாற்றிவிடாமல் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கர் பக்கத்திலிருந்து ஃபீட்பேக் (சிக்னலின் ஒரு பகுதியை முந்தைய நிலைக்குத் திருப்பிவிடுவது) எடுக்கப்பட்டிருந்தால், இடம் மாறிய உடனே ஆம்ப் பேரிரைச்சலாக ஊளையிடும்.

பிரிக்கும்போது ஒரு வயரை எடுத்தால் அதே இடத்தில் ஒரு வயரைப் போட்ட பிறகே அடுத்ததைத் தொட வேண்டும். செல்பேசியில் பல கோணங்களில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் படத்தில் ஒரு வயருக்குக் கீழே இன்னொன்று மறைந்திருக்கும் என்பதால் தாளில் வரைந்தும் வைத்துக்கொள்ளுங்கள். ரப்பர் உறை போட்ட வயர் இருந்தால் லேசாக வளைத்துப் பாருங்கள். பொடியாக உதிர்ந்தால் அந்த வயர் முழுவதும் போக வேண்டியதுதான். பி.வி.சி. உறை மென்மையாகவே இருந்தால் விட்டுவிடலாம். ரெக்டிஃபையர் பக்கத்திலும் பவர் வால்வு பக்கத்திலும் மட்டும் அது வெந்து மொடமொடத்திருக்கும்.

சால்டரிங்கில் இரண்டு விஷயங்கள். வயர் முனையை டேக்கின் துளையில் நுழைத்து ஒரு சுற்று மடக்கினால் போதும்; பழைய மெக்கானிக்குகள் மூன்று சுற்றுச் சுற்றி வைத்ததைப் பிரிக்கும்போதுதான் டேக் ஒடிகிறது. அயர்னால் டேக்கையும் வயரையும் சேர்த்துச் சூடாக்கி, ஈயத்தை அயர்ன் முனையில் வைக்காமல் அவற்றின் மேல் வையுங்கள். இளகி ஓடிப் படிய வேண்டும். 60/40 ரோசின் கோர் ஈயமும் 25 வாட் அயர்னும் டேக்குகளுக்குச் சரி. தடித்த எர்த் கம்பிக்கு 60 வாட் வேண்டும். கடையில் டப்பாவில் விற்கும் பேஸ்ட்டைத் தடவாதீர்கள். பிசுபிசுப்பு டேக்குகளின் இடையே தங்கி, ஐப்பசி மழை ஈரத்தில் 300 வோல்ட்டுக்குப் பாதையாகிவிடும். பழைய ஈயம் சாம்பல் நிறத்தில், வயரைச் சுற்றி வளையமாக வெடிப்போடு இருந்தால், அதன் மேலேயே புதிதாக வைக்காமல் பம்ப்பால் உறிஞ்சி எடுத்துவிட்டு வையுங்கள். ஒன்பது பின் பேஸில் சால்டர் செய்யும்போது செத்த வால்வு ஒன்றை அதில் சொருகி வைத்தால் பின்கள் கோணாது. பேஸின் கவ்விகள் தளர்ந்திருந்தால் ஊக்கு முனையால் மெதுவாக நெருக்கிவிடுங்கள், கரகரப்பில் பாதி அங்கேயே இருக்கக்கூடும்.

வயரை வேலூர்க் கடைகளில் கேட்டுப் பாருங்கள். 600 வோல்ட் எழுதிய உறை கிடைக்காவிட்டால் காட்பாடியில் ரயிலேறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போய்வருவதே மேல். வாங்கும்போது ஒரு முனையைச் சீவிக் கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். வெளியே வெண்மை, உள்ளே செம்பு என்றால் ஈயமுலாம் பூசிய நல்ல செம்பு. வெளியே செம்பு, உள்ளே வெண்மை என்றால் செம்பு பூசிய அலுமினியம், ஈயம் சரியாகப் பிடிக்காது, வளைத்தால் ஒடியும்.

ஒரு தகவலுக்காகச் சொல்கிறேன்: பெங்களூரு பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961-இல் ரேடியோ வால்வுகள் தயாரிக்கத் தொடங்கியது. உங்கள் வால்வுகளில் அந்த முத்திரை இருந்தால், இரைச்சலுக்கு அவற்றைக் குற்றம் சொல்லித் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வயரிங் முடிந்த பிறகு ஒவ்வொன்றாக இடம் மாற்றிப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்ல வேண்டும்.

முதல் முறை மின்சாரம் கொடுப்பது சீரிஸ் போர்டு (ஆம்புக்குப் போகும் மின்சாரம் ஒரு பல்ப் வழியாகப் போகும்படி செய்த பலகை) வழியாகத்தான். அறுபது அல்லது நூறு வாட் குண்டு பல்ப் வேண்டும், எல்.ஈ.டி. பல்ப் இதற்கு உதவாது. ஸ்பீக்கரை முதலிலேயே மாட்டிவிடுங்கள். சுமையில்லாமல் ஓடினால் அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். வால்வு எதுவும் இல்லாமல் போட்டு, பல்ப் லேசாகச் சிவந்து அணைந்தால் சரி. பளிச்சென்று எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட். ஹீட்டர் பின்களில் ஏறத்தாழ ஏழு வோல்ட் வரை காட்டலாம், வால்வுகளைப் போட்டதும் இறங்கிவிடும். பிறகு மற்ற வால்வுகளையும் கடைசியாக ரெக்டிஃபையரையும் போட்டு, சீரிஸ் பல்ப்பை நீக்கி, இ.எல். 84-களின் பொதுக் கேத்தோடு ரெசிஸ்டரில் வோல்ட்டை அளந்து பாருங்கள். 130 ஓமில் 11 வோல்ட் என்றால் இரண்டுக்கும் சேர்த்து 85 மில்லி ஆம்பியர், ஒன்றுக்கு 42. ஸ்கிரீனுக்கு (வால்வின் இரண்டாவது கிரிட்டுக்கு) நான்கைந்து கழித்தால் பிளேட்டுக்கு 38. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே 290 வோல்ட் இருந்தால் 11 வாட். அந்த வால்வின் எல்லை 12 வாட், எனவே சரி.

சூடேறிய பின் உலர்ந்த மூங்கில் குச்சியால் ஒவ்வொரு இணைப்பையும் மெதுவாகத் தட்டிக்கொண்டே போங்கள். ஒரு குறிப்பிட்ட டேக்கைத் தட்டும்போது மட்டும் பட்டென்று வெடித்தால் அந்தச் சால்டரைத் திரும்பச் செய்யுங்கள். எங்கே தட்டினாலும் மணியடிப்பது போல ஸ்பீக்கரில் கேட்டால் அது முதல் இ.சி.சி. 83-இன் குணம், இணைப்பின் குறையல்ல. சில நாள் வாசித்த பிறகு எர்த் போல்ட்டுகளை ஒரு முறை மீண்டும் இறுக்குங்கள், அலுமினியம் சூட்டில் இடம் கொடுத்திருக்கும்.

டிரான்ஸ்பார்மரிலிருந்து வெளிவரும் வயர்களின் உறை கெட்டிருந்தால் சுற்றின் அருகிலேயே வெட்டி ஒட்டுப்போடாதீர்கள். வெளியே தெரியும் பகுதி முழுவதும் ஸ்லீவ் ஏற்றிப் பாருங்கள். அதுவும் முடியாத நிலை என்றால் சுற்றித் தரும் கடையில் கொடுத்துப் புது வயர் எடுக்கச் சொல்லலாம். அப்படிப் பிரிக்கும்போது, பிரைமரியில் (மெயின்ஸ் பக்கத்துச் சுற்றில்) 230 வோல்ட்டோடு 250 வோல்ட் முனையும் ஒன்று சேர்த்துப் போட முடியுமா என்று கேளுங்கள். இரவு பத்து மணிக்கு மேல் உங்கள் தெருவில் லைன் 245-ஐத் தாண்டுகிறதா என்று அளந்து பார்த்து, தாண்டினால் அந்த முனையில் ஆம்பை மாட்டிக்கொள்ளலாம், ஹீட்டரும் ஹெச்.டி.யும் அதற்கேற்பக் கீழே வந்து நிற்கும்.